தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்

என் கடையில் ஒரு போர்டு தொங்குகிறது. ‘பேனா கேட்காதீர்கள்.’ பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரெதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்குத்தான் அந்த போர்டின் அருமை தெரியும். ஒரு நாளைக்கு ஐந்தாறு பேனா காணாமல் போகும். கேட்டால், “அடடே, என்னுதுன்னு நினைச்சுட்டேன்” என்பார்கள். நான் சிடுமூஞ்சி. என்னைப் பற்றி யார் சொன்னாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர்களின் ஃபாரங்களை நிரப்பிக் கொடுத்தால் எவருக்கும் அந்த மூஞ்சிதான் வரும்.

நான் சொல்லப்போவது காஜாக்காவைப் பற்றி. சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். சட்டைக் கம்பெனி ஒன்றில் காஜா மெஷினில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவர் அவர். ஒரு நாளைக்கு எத்தனை துளை என்று கேட்டால் சிரிப்பார். “ஊர்ல பாதிப் பேரோட நெஞ்சுல ஓட்டை போட்டவ நான்” என்பார். ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, வழியில் எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்வார்.

அவர் முதலில் கடைக்கு வந்தது, விசாரணைக் குழுவின் அறிவிப்பு வந்த நாலாம் நாள். அன்று காலையில் கடைக்குள் நிற்க இடமில்லை. ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தை இடித்தபோது பின்பக்க அறையின் பீரோவில் நூற்று நாற்பத்து மூன்று பேருடைய கோப்புகள் கிடைத்தன. எடைக்குப் போட்டிருக்க வேண்டியவை. மூட்டை கட்டிக்கொண்டிருந்த நர்ஸ் ஒருவர் சும்மா இருக்காமல் ஒன்றைப் பிரித்துப் படித்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால், நோயாளிகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர்கள்மீது ஒரு மாத்திரையைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அப்படித்தான் வெளியே வந்தது. பாதிக்கப்பட்டவர்களும், இறந்தவர்களின் வாரிசுகளும் மனுச் செய்யலாம் என்றது குழு. இழப்பீடு உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் கல் நட்டு அதில் எல்லோருடைய பெயரும் பொறிக்கப்படும்.

காஜாக்காவோடு ஓர் இளம்பெண் வந்திருந்தாள். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதிருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை.

“எங்க அம்மாவுக்காக எழுதணும்” என்றாள். “எனக்கு நாலு வயசுல போயிட்டாங்க. அந்த லிஸ்ட்ல அவங்க இருந்தாங்க. இவங்க என் பெரியம்மா. இவங்களும் இருந்தாங்க, ஆனா தனக்கு வேணாமாம்.”

“எனக்கு என்ன ஆச்சு? குத்துக்கல்லாட்டம் இருக்கேனே” என்றார் காஜாக்கா. “தங்கச்சி சின்னவளுக்கு எழுதுங்க போதும்.”

“பணத்துக்காக இல்லைங்க” என்றாள் பெண் என்னிடம். “எங்கம்மா போட்டோகூட எங்ககிட்ட ஒழுங்கா இல்ல. அந்தக் கல்லுல பேர் இருந்தா, போய் நின்னு பாக்கலாம். அவ்வளவுதான்.”

முகப்புக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றபடியே காஜாக்கா விரலை நீட்டினார்.

“ஏம்மா ஜெராக்ஸ், ‘இளப்பீடு’ன்னு எழுதியிருக்கே. இளக்காரமாக் குடுக்கறதாலயா?”

தலைகீழாகப் படிக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. அவசரத்தில் யாருக்கும் வருகிற பிழைதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“குடுக்கறவங்க இளக்காரமாத்தான் குடுப்பாங்க. எழுதறதையாவது நாம ஒழுங்கா எழுதலாம்” என்று என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். போர்டை அவர் மதிக்கவில்லை. ள-வை அடித்துவிட்டு மேலே ழ போட்டார். அந்த ழ-வின் வால் கீழே இறங்கி, அடுத்த எழுத்தின் அடியில் ஓடி, மெல்ல மேலே திரும்பி நின்றது. அச்சில்கூட அப்படி ஒரு ழ-வை நான் பார்த்ததில்லை.

தலைகீழாகப் படிக்க எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். தையல் லைனில் சூப்பர்வைசர் எதிரே உட்கார்ந்துதான் ரிப்போர்ட் எழுதுவார், யார் தலை உருளப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி என்றார்.

ஃபாரத்தில் ஒரு சாட்சி வேண்டும். இறந்தவரை அந்தக் காலத்தில் நேரில் அறிந்தவர். காஜாக்காவின் பெயரை எழுதி, ‘மனுதாரருக்கு உறவுமுறை’ என்ற கட்டத்தில் ‘பெரியம்மா’ என்று எழுதினேன். கையெழுத்துக்காகத் திருப்பி வைத்தேன். அவர் பேனாவை எடுக்கவில்லை.

“மை டப்பா இருக்கா? கைநாட்டு வைக்கிறேன்.”

“என்ன பெரியம்மா?” என்றாள் பெண். “கம்பெனில அத்தனை பேருக்கும் மனு எழுதிக் குடுத்த கை உங்களுதுன்னு சொல்வாங்களே.”

“கை நடுங்குதுடி.”

அவருடைய கை என் மேஜைமேல்தான் இருந்தது. அது நடுங்கவில்லை. ஆனால் பின்னால் பதினெட்டுப் பேர் நின்றார்கள். எனக்கென்ன வந்தது என்று மை டப்பாவைத் திறந்துவைத்தேன்.

அவருடைய கதையை நான் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்ட வரிசையில் சொன்னால் குழம்பும். நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அக்காளும் தங்கையும் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். ஆறு பேர் படுக்கிற அறை, ஒரே ஜன்னல். இரண்டு பேருக்கும் சிறு வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்தது. தொண்டை வலியாகத் தொடங்கி, மூட்டு மூட்டாக வீங்கி, கடைசியில் இதயத்தில் போய் உட்கார்ந்துகொள்கிற காய்ச்சல். அதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஓர் ஊசி போட்டுக்கொண்டால் இதயம் தப்பிக்கும். விடாமல் வருஷக்கணக்கில் போட வேண்டும். அதுதான் சங்கடம். மருந்து கெட்டியாக, வெள்ளையாக இருக்கும். ஊசியும் தடிமன். இடுப்புக்குக் கீழே போட்டால் இரண்டு நாளைக்கு உட்கார முடியாது. உட்கார்ந்து செய்கிற வேலையில் இருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காஜாக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து மெஷின் ஓட்டுவாராம். துளை கோணலாக விழும். சூப்பர்வைசர் எதிரே உட்கார்ந்து எழுதுவார்.

ஒரு நாள் ஊசி வரிசையில் நின்றபோது டாக்டர் ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். இனி உனக்கு ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்றார். ஓரத்தில் பச்சைக் கோடு போட்ட அட்டை ஒன்று கொடுத்தார். அந்த அட்டைக்கு வரிசை கிடையாது, தனி அறை, உட்கார நாற்காலி. மாத்திரை டப்பாவில் மருந்தின் பெயர் இருக்காது, ஒரு நம்பர் மட்டும் இருக்கும். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்து நிதானமாகக் கேட்பார், நோட்டில் எழுதுவார், ‘வாங்கம்மா’ என்பார். அதுவரை அந்த ஆஸ்பத்திரியில் எவரும் அவரை ‘வாங்க’ என்று கூப்பிட்டதில்லை.

எங்களைப் போன்றவர்கள் எப்படி நினைப்போம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் வேண்டுமானாலும் சிபாரிசு வேண்டும், கட்டிலுக்கு மெத்தை வேண்டுமானாலும் சிபாரிசு வேண்டும். கேட்காமலே ஒரு நல்லது கிடைத்தால், நம் முகராசிக்குக் கிடைத்தது என்றுதான் நினைப்போம். நமக்குக் கிடைத்ததை நம் ஆட்களுக்கும் வாங்கித் தரப் பார்ப்போம். பச்சை அட்டை கிடைத்த ஒரு வருஷம் கழித்து, காஜாக்கா தன் அழகான கையெழுத்தில் டாக்டருக்கு ஒரு மனு எழுதினார். தங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று.

தங்கை அதே கம்பெனியில் தைத்த சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டுகிறவள். ஊசி என்றால் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழத் தொடங்குவாளாம். கைக்குழந்தை வேறு. மனு கொடுத்த மறுவாரமே அவளுக்கும் பச்சை அட்டை வந்துவிட்டது.

மூன்று வருஷம் கழித்து, பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள் கத்திரிக்கோலை வைத்துவிட்டு மூச்சு முட்டுகிறது என்றாள். ஆறாம் நாள் இறந்துபோனாள். அவள் புருஷன் அந்த வருஷம் முடிவதற்குள் வேறொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். குழந்தையை அக்காள் எடுத்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, “காஜா அடிக்கவே நேரம் பத்தல” என்றார்.

தங்கை செத்தது விதி என்றுதான் முப்பது வருஷம் நினைத்திருந்தார். கோப்புகள் வெளியான பிறகு அவரவர் கோப்பைப் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். என் கடைக்கு வருவதற்கு முன்பே காஜாக்கா தனியாகப் போய்த் தன்னுடையதையும் தங்கையுடையதையும் பார்த்திருந்தார். டப்பாக்கள் இரண்டு வகை. ‘அ’ என்று குறித்ததில் மருந்து இருந்தது. ‘ஆ’ என்று குறித்ததில் எதுவும் இல்லை, வெறும் மாவு. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறார்கள். அக்காளுக்கு ‘அ’ விழுந்தது. தங்கைக்கு ‘ஆ’. ஊசியை நிறுத்திவிட்டு மூன்று வருஷம் மாவைத் தின்றிருக்கிறாள் அவள். தங்கையின் கோப்பின் முதல் தாளாக, மடிப்புக் கலையாமல், அந்த மனு இருந்தது.

நூற்று நாற்பத்து மூன்று கோப்புகளில், நோயாளியின் பக்கத்திலிருந்து ஒரு வரி எழுதப்பட்ட தாள் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியின் வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. முதல் விசாரணையில் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். நோயாளிகளை யாரும் இழுத்துவந்து சேர்க்கவில்லை, அவர்களே வருந்திக் கேட்டுச் சேர்ந்தார்கள், அந்தக் காலத்தில் சம்மதம் என்பது இப்படித்தான் இருந்தது, இதோ அத்தாட்சி என்றார். தாளில் பெயர், முகவரி, உறவு எல்லாவற்றின்மேலும் கறுப்பு மை பூசியிருந்தார்கள். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறார்களாம். அதைக் கேட்டு நான் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. எழுதியவர் உயிரோடு இருந்தால் அடுத்த விசாரணைக்குள் முன்வந்து, என்ன புரிந்துகொண்டு எழுதினார் என்று சொல்லலாம், இல்லாவிட்டால் இந்தத் தாளை இருக்கிறபடியே சம்மதத்துக்குச் சாட்சியமாக எடுத்துக்கொள்வேன் என்றார். அப்படி எடுத்துக்கொண்டால் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

மனுதாரர்களின் வக்கீல் அந்தத் தாளை என் கடையில் கொடுத்து, எல்லோருக்கும் ஒவ்வொரு நகல் எடுக்கச் சொன்னார். மெஷின் துப்பத் தொடங்கியது. முதல் தாளைக் கையில் எடுத்துப் படித்தேன்.

‘மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம். நான் தங்கள் பச்சை அட்டையில் ஓராண்டாக மாத்திரை பெற்று நலமாக இருக்கிறேன். என்’ — இங்கே கறுப்பு — ‘இதே நோயால் ஊசி போட்டு மிகவும் சிரமப்பட்டு வருவதால், கருணை கூர்ந்து அவரையும் பச்சை அட்டையில் சேர்த்துக்கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் செய்யும் இந்த உதவியை என் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்.’

‘தாழ்மையுடன்’ என்ற வார்த்தையில் இருந்த ழ-வின் வால் கீழே இறங்கி, அடுத்த எழுத்தின் அடியில் ஓடி, மெல்ல மேலே திரும்பியிருந்தது.

கடையில் எழுதுகிற எல்லாவற்றுக்கும் நான் ஒரு நகல் வைத்துக்கொள்வேன். கட்டைப் பிரித்து, ‘இழப்பீடு’ என்று திருத்தப்பட்ட கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. கைநாட்டு எதற்கு என்று அப்போது புரிந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இந்தக் கிழவி தன் விரலை மையில் முக்கிக்கொண்டு, அத்தனை பேரின் வாயிலும் மண்ணைப் போடுகிறாளே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் இரண்டு பேரும் நகல் வாங்க வந்தார்கள். பெண் வாங்கிய உடனே நின்ற இடத்திலேயே சத்தமாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் ஏறியது. அவள் வார்த்தைகளைப் பார்த்தாள், எழுத்தைப் பார்க்கவில்லை. காஜாக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கருணை கூர்ந்தாம்” என்றாள் பெண். “யாரையோ கொண்டுபோய்ச் சேத்துவிட்டுட்டு, உயிர் உள்ளவரை மறக்க மாட்டாங்களாம். இதை எழுதின கை வெளங்குமா பெரியம்மா? இவங்க ஒருத்தங்களால எங்கம்மா பேரு கல்லுல வராமப் போகப்போகுது. எங்க இருந்தாலும் இவங்க நல்லாவே இருக்கக்கூடாது.”

“விடுடி” என்றார் காஜாக்கா.

“எப்படி விடறது?”

“போலாம் வா. உனக்கு வேலைக்கு நேரமாச்சு.”

படியிறங்கும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் மேஜையில் இரண்டு தாள்களும் அருகருகே கிடந்தன. தலைகீழாகத்தான் கிடந்தன. அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் கடை காலியாக இருந்த நேரம் பார்த்துத் தனியாக வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மேலே நான் எழுதியதெல்லாம் அன்றைக்கு அவர் சொன்னதுதான். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டார்.

“போய்ச் சொல்லிடுங்கக்கா” என்றேன். “நீங்க சொன்னாத்தான் எல்லாருக்கும் விடியும். அந்தத் ‘தாழ்மையுடன்’ எல்லாம் ஒரு வார்த்தையா? பல் புடுங்க லீவு கேட்டாலும் அப்படித்தான எழுதுறோம். நான் ஒரு நாளைக்கு முப்பது தடவை எழுதறேன். ஒரு தடவையாவது எனக்குத் தாழ்மை வந்திருக்கா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் சிரிக்கவில்லை.

“உனக்குத் தெரியுது. எனக்கும் தெரியுது. அவளுக்கு என்ன தெரியும்? அவ நேத்து என்ன சொன்னான்னு கேட்டியா?”

“தெரியாமச் சொன்னா.”

“தெரிஞ்சா இன்னும் சொல்லுவா. சொல்லட்டும், அதுல தப்பில்ல.” டம்ளரைக் கீழே வைத்தார். “ஜெராக்ஸு, எனக்குன்னு வீடு இல்ல, புருஷன் இல்ல, புள்ள இல்ல. வேலை முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டறப்போ ‘பெரியம்மா’ன்னு கூப்பிடுவா. முப்பது வருஷமா ஒரு நாள் தவறினதில்ல. அதுல அம்மாங்கறதும் இருக்குல்ல. அதை வெச்சுத்தான் ஓட்டிட்டிருக்கேன். அதைக் கொண்டுபோய் அந்த வக்கீல் முன்னால வெக்கணுமா?”

காலி டம்ளரை எடுத்து வைத்தேன். போகும்போது அவர், “சின்னவ அட்டையை வாங்கிட்டு என்னைக் கட்டிப்புடிச்சுக்கிட்டா. ‘நீ இருக்கறப்போ எனக்கு என்னக்கா’ன்னா. அது வேற” என்றார். வேற என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது விசாரணை ஆஸ்பத்திரியை ஒட்டிய பழைய நர்ஸ் பயிற்சிக் கூடத்தில் நடந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு நானும் போனேன். சுவரில் எலும்புக்கூட்டுப் படம், கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். பாதி நாற்காலிகளில் வாரிசுகள் உட்கார்ந்திருந்தார்கள், கையில் நான் எடுத்த நகலோடு. காஜாக்காவும் பெண்ணும் மூன்றாவது வரிசையில்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “இந்த மனுவை எழுதியவர் யாராவது வந்திருக்கிறார்களா?”

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். நான் காஜாக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பெண் அவருக்குத் தண்ணீர் வேண்டுமோ என்று நினைத்து பாட்டிலை நீட்டினாள்.

“நான்தாங்க எழுதினேன்” என்றார் காஜாக்கா.

ஆஸ்பத்திரி வக்கீல் நம்பவில்லை. நம்பாததுபோல் காட்டிக்கொண்டார் என்பதுதான் சரி. இவர் ஃபாரத்தில் கைநாட்டு அல்லவா வைத்திருக்கிறார் என்று எடுத்துக்காட்டினார். சரி, எழுதிக் காட்டட்டும் என்றார் தலைவர். ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்கள். வக்கீல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். ‘கருணை கூர்ந்து.’ ‘சேர்த்துக்கொள்ளுமாறு.’ ‘தாழ்மையுடன்.’ காஜாக்கா எழுதினார். முப்பது வருஷத்தில் கை மாறவில்லை. பெண் எழுந்து மேஜை அருகே போய் நின்று அந்த எழுத்தைப் பார்த்தாள். பாட்டில் இன்னும் அவள் கையில் இருந்தது.

“சேர்க்கச் சொல்லி நீங்களாகவே கேட்டீர்கள். உண்மைதானே?” என்றார் வக்கீல்.

“கேட்டேங்க.”

“யாரும் கட்டாயப்படுத்தவில்லை.”

“இல்லைங்க.”

“அப்படியானால் இது சம்மதம் இல்லாமல் வேறென்ன?”

காஜாக்கா மூச்சு வாங்கிக்கொண்டார். மாடிப்படியில் நிற்பாரே, அப்படி.

“ஊசி வலிக்காம இருக்கணும்னு கேட்டேங்க. வரிசைல நிக்காம இருக்கணும்னு கேட்டேன். மாவு குடுங்கன்னு கேக்கல. அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியும். என் மனுவை அவர் படிச்சாரு. ‘வேணாம்மா, அவ ஊசியே போட்டுக்கட்டும்’னு ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லல.”

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான் நிறைய மனு எழுதியிருக்கேங்க” என்றார் காஜாக்கா. “தெருவுக்குத் தண்ணிக் குழாய் வேணும்னு எழுதினேன். லைன்ல கக்கூஸ் வேணும்னு எழுதினேன். எங்க கூட வேலை பார்த்தவ விரல் போனப்போ எழுதினேன். எல்லாத்துலயும் தாழ்மையுடன்னுதான் போட்டேன். ஒண்ணுக்கும் பதில் வந்ததில்ல. என் வாழ்க்கைல கேட்டதும் கிடைச்ச மனு அது ஒண்ணுதான். அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.”

கூடத்தில் யாரோ அழத் தொடங்கினார்கள். காஜாக்கா அழவில்லை. தாளின் கடைசி வரியைக் காட்டி, “இதுல உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்னு எழுதியிருக்கேன். அது நெசம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பெண் வெளியே போயிருந்தாள்.

ஏழு வாரத்தில் தீர்ப்பு வந்தது. அந்த மனு சம்மதம் ஆகாது. நூற்று நாற்பத்து மூன்று பெயரும் கல்லில் ஏறும். எங்கள் தெருவில் ஆளுக்கு ஆள் கைகொடுத்துக்கொண்டார்கள். காஜாக்கா பெயரைச் சொல்லி என் கடையில் எத்தனையோ பேர் கும்பிட்டார்கள். தீர்ப்போடு ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. நடந்தவற்றுக்கு வருந்துவதாகவும், தாழ்மையுடன் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப்.

கல்லில் பெயர் பொறிக்க இன்னொரு ஃபாரம் தர வேண்டும். இறந்தவரின் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் வேண்டும் என்பதற்காக. அதற்கும் ஒரு சாட்சி. கடைசித் தேதிக்கு முந்தைய நாள் இரண்டு பேரும் வந்தார்கள். சேர்ந்துதான் வந்தார்கள். பெண் அவர் கையைப் பிடித்துப் படியேற்றினாள். ஸ்டூலை அவளே எடுத்துப் போட்டாள். “மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டாள். “தண்ணி வேணுமா?” என்று கேட்டாள். நான் எழுதிக்கொண்டே காது கொடுத்தேன். கேள்விகள் எல்லாம் மொட்டையாக இருந்தன. எதன் பின்னாலும் எதன் முன்னாலும் அந்த ஒரு வார்த்தை இல்லை.

தங்கையின் பெயரை எழுதினேன். பிறந்த வருஷம், இறந்த வருஷம். சாட்சியின் பெயர். அடுத்த கட்டம் ‘மனுதாரருக்கு உறவுமுறை’. போன ஃபாரத்தில் கேட்காமலே எழுதினேன். இந்தத் தடவை எனக்குக் கை ஓடவில்லை.

“உறவு என்னன்னு போட?” என்று கேட்டேன்.

பெண் தெருவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கல் நடுவதற்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். காஜாக்கா தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மாவோட அக்கா” என்றாள்.

அப்படியே எழுதினேன். தப்பு என்று சொல்ல முடியாது, இரண்டும் ஒரே உறவுதான். எழுதி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து காஜாக்கா படித்துவிட்டார். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

“சரியாத்தான் எழுதியிருக்கே” என்றார். “பிழை இல்ல.”

பழக்கதோஷத்தில் மை டப்பாவை நகர்த்தினேன். அவர் அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் பேனா கேட்டார். கொடுத்தேன்.